மங்குஸ்தான் ஏன் வரவில்லை?

பினாங்குத் தீவில் குடியிருந்த மூன்று ஆண்டுகளில் மலாய் மொழி எனக்கு அரைகுறையாகத்தான் வந்தது. மலாய் நாட்டுப் பழங்களை மட்டும் ஒழுங்காகப் பாடம் கேட்டேன் என்று தைரியமாகச் சொல்லுவேன். மொழிக்கு ஆசிரியர் வேண்டும், இலக்கணம் வேண்டும், தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சம் வேறு. பழத்துக்கு நாக்கும் கொஞ்சம் சில்லறையும் இருந்தால் போதும்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அங்குள்ள பழக்கடை முதலில் திகைப்பைத்தான் தரும். வாழை இருக்கிறது; பலா இருக்கிறது; மாவும் இருக்கிறது. அயலூர்ச் சந்தை நடுவில் சொந்தக்காரர்களைக் கண்டதுபோல் மனம் குளிர்ந்துபோகிறது. ஆனால் அவற்றுக்குப் பக்கத்திலேயே முன்பின் பார்த்திராத சிலவும் உட்கார்ந்திருக்கின்றன. உடம்பெல்லாம் சிவந்த மயிர் சிலிர்த்து நிற்கும் ஒன்று. அதன் பெயர் ரம்புத்தான். மலாய் மொழியில் 'ரம்புத்' என்றால் தலைமயிர். முள்ளம்பன்றி சுருண்டு படுத்ததுபோல் இன்னொன்று, அது டுரியான். 'டுரி' என்றால் முள். கண்ணுக்குப் பட்டதையே பெயராக வைத்துவிடுவது மலாய்க்காரர்களின் வழக்கம். மூன்றாவது, கருஞ்சிவப்பு நிறத்தில், தலையில் பச்சைக் குல்லாய் வைத்த ஒரு சிறு பந்து. அதுதான் மங்குஸ்தான்.

சௌரஸ்தா மார்க்கெட்டுக்கு அருகே தள்ளுவண்டியில் பழம் விற்ற தமிழ் முதியவர் ஒருவர்தான் எனக்கு இந்த விஷயத்தில் குரு. எண்பதைத் தாண்டியவர். மங்குஸ்தான் ஒன்றைக் கையில் எடுத்து நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "அடியைத் திருப்பிப் பாருங்க தம்பி. பூ மாதிரி இதழ் தெரியுதா? எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். ஆறு இருந்தன.

"உள்ளே ஆறு சுளை இருக்கும். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது."

இரண்டு கைகளாலும் அமுக்கித் தோலை உடைத்துக் காட்டினார். விரற்கடை கனத்துக்குச் செந்நிறத் தோல்; அதன் நடுவே பஞ்சு போல் வெளுத்த ஆறு சுளைகள். பூவின் சூல்முடி காய்ந்து பழத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அந்த இதழ் வடிவம். பூவில் எத்தனை பிரிவோ, உள்ளே அத்தனை சுளை. இயற்கை தன் கணக்கைப் பழத்துக்கு வெளியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. சுளையை வாயில் போட்டேன். இனிப்பும் புளிப்பும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து நடக்கும் பழம் அது. தோலின் சாறு துணியில் பட்டால் மட்டும் போகவே போகாது.

டுரியானைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிடப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் துபாஷியாக வந்த மா ஹுவான் என்பவர் சுமத்ராவில் இந்தப் பழத்தைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அழுகிய மாட்டிறைச்சியின் நாற்றம் என்கிறார். அதே மூச்சில், உள்ளே இருக்கும் வெண்மையான சுளை இனிமையாக இருக்கிறது என்றும் சொல்கிறார். நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் வந்தார். டார்வினோடு கூடவே பரிணாமக் கொள்கையைக் கண்டுபிடித்த அதே வாலஸ்தான். மலாக்காவில் அந்த வாசனை தாங்காமல் பழத்தைத் தொடாமலே விட்டவர், போர்னியோக் காட்டில் தரையில் விழுந்துகிடந்த பழம் ஒன்றைத் திறந்த வெளியில் உட்கார்ந்து தின்று பார்த்தார். அன்று முதல் அதன் பக்தராகிவிட்டார். இந்தப் பழத்துக்காகவே கிழக்கு நாடுகளுக்குப் பிரயாணம் செய்யலாம் என்கிற அளவுக்கு, 1869-ல் வெளியான தம் புத்தகத்தில் எழுதினார்.

டுரியானை மரத்திலிருந்து பறிக்க மாட்டார்கள். பழுத்துத் தானாக விழ வேண்டும். எதிர்பாராமல் அதிர்ஷ்டம் அடித்தால் மலாய்க்காரர்கள் 'டுரியான் விழுந்தது' என்றே சொல்கிறார்கள். அது சூடு என்பதால், தின்ற பிறகு குளிர்ச்சிக்கு மங்குஸ்தான் தின்ன வேண்டும் என்பது அவர்கள் வைத்தியம். இரண்டும் ஒரே பருவத்தில் பழுப்பதால் வைத்தியத்துக்குச் சிரமமில்லை.

பழங்கள் பழகப் பழக, ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பினாங்கிலிருந்து கடலைத் தாண்டி வடக்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, கெடா மாநிலம், நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம். 1025-ல் இராஜேந்திர சோழனின் படை அங்கே போயிற்று. அதற்கு முன்னும் பின்னும் நம் வணிகர்கள் போனார்கள். 1511-ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே செல்வாக்குள்ள தமிழ் வியாபாரிகள் இருந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளாக நாகப்பட்டினத்துக்கும் அந்தக் கரைக்கும் கப்பல் போய் வந்திருக்கிறது. நம் சொல்கூடப் போயிருக்கிறது. பினாங்குப் பக்கத்தில் மாம்பழத்துக்கு 'மெம்பெலம்' என்று ஒரு பெயர் உண்டு. நம் 'மாம்பழம்' அப்படியே கப்பலேறிப் போய்க் கொஞ்சம் நாக்கு திருந்தியதுதான் அது. இவ்வளவு போக்குவரத்து இருந்தும், மங்குஸ்தான் ஏன் நம் ஊருக்கு வரவில்லை?

இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வேண்டுமானால் நம் வீட்டுக் கொல்லையை ஒருமுறை பாருங்கள். கொய்யா நிற்கிறது. பப்பாளி நிற்கிறது. வேலியோரம் சீத்தா. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. கொலம்பஸ் 1492-ல் அந்தப் பக்கம் போகும்வரை நம் முன்னோர் எவரும் அவற்றின் வாசனையைக்கூட அறிந்ததில்லை. அன்னாசியும் அப்படித்தான், ஜஹாங்கீர் பாதுஷா தம் நினைவுக் குறிப்பில், பறங்கியரின் துறைமுகங்களிலிருந்து வந்த பழம் இது என்றும், ஆக்ராவில் தம் தோட்டத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் காய்க்கிறது என்றும் பெருமையாக எழுதியிருக்கிறார். பப்பாளி வந்த பாதை இன்னும் வேடிக்கை. 1580-களில் கோவாவில் ஐந்தாண்டு இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் அதைக் குறித்து வைத்திருக்கிறார். ஸ்பானியரின் அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன் தீவுகளுக்கு, அங்கிருந்து மலாக்காவுக்கு, மலாக்காவிலிருந்து இந்தியாவுக்கு. அதாவது, உலகத்தைச் சுற்றி வந்த பப்பாளி, மங்குஸ்தான் மரத்தின் நிழலில் இறங்கி இளைப்பாறிவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு, தான் மட்டும் நம் ஊருக்குக் கப்பலேறியிருக்கிறது!

வந்தவற்றை நாமும் அந்நியராக வைத்துக்கொள்ளவில்லை. சீத்தாவின் பெயரைக் கேட்ட எவருக்கும் ராமாயணம்தான் நினைவுக்கு வரும். மலாய்க்காரர்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். நாம் முள்சீத்தா என்று சொல்லும் அமெரிக்கப் பழத்துக்கு அவர்கள் கொடுத்த பெயர் 'டுரியான் பெலண்டா'. அதாவது ஒல்லாந்தத் துரியன். கொய்யாவுக்கு 'கல் நாவல்' என்று பொருள்படும்படி 'ஜம்பு பாத்து'. தெரியாத விருந்தாளிக்குத் தெரிந்த உறவுமுறையை ஒட்டி வைப்பது எல்லா நாட்டிலும் வழக்கம் போலிருக்கிறது.

சரி, மங்குஸ்தானுக்கு என்ன வந்தது? விடை அதன் விதையில் இருக்கிறது.

பப்பாளி விதையைக் கழுவிக் காயவைத்து மடியில் முடிந்துகொண்டால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொய்யா விதையும் அப்படியே. மாலுமி ஒருவன் மறந்துபோய்ச் சட்டைப்பையில் வைத்திருந்தாலும் கரை சேர்ந்ததும் முளைத்துவிடும். மங்குஸ்தான் விதையைக் காயவைத்தால் சில நாட்களில் செத்துப்போகும். ரம்புத்தானும் டுரியானும் இதே ஜாதி. எப்போதும் மழை பெய்யும் காட்டில் பிறந்த விதைகளுக்குத் தூங்கிக் காத்திருக்கத் தெரியாது. விழுந்தால் உடனே முளைக்க வேண்டும். இல்லையானால் சாக வேண்டும். மங்குஸ்தான் விஷயத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அதில் ஆண் மரம் கிடையாது. மகரந்தம் சேராமலே விதை உண்டாகிறது. ஆகவே ஒவ்வொரு கன்றும் தாயின் நகல்தான். அந்தக் கன்றும் லேசில் வளராது. வேர் நோஞ்சான். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். முதல் காய் பார்க்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும்.

பாய்மரக் கப்பல் காற்றுக்காகத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். யாரேனும் ஒரு வணிகர் ஆசைப்பட்டுக் கூடையில் பழம் கொண்டுவந்திருக்கலாம். விதை தப்பிப் பிழைத்து முளைத்திருந்தாலும், நாகப்பட்டினத்துச் சித்திரை வெயில் மிச்ச வேலையை முடித்திருக்கும்.

இத்துடன் விஷயம் முடிந்தது, விதையின் பிடிவாதமே காரணம் என்று நானும் சில நாள் திருப்தியாக இருந்தேன். ஒரு மாலை தேநீரோடு 'சுக்குன்' வறுவல் சாப்பிட்டபோது அந்தத் திருப்தி போய்விட்டது. சுக்குன் என்பது நாம் சீமைப்பலா என்றும், யாழ்ப்பாணத்தார் ஈரப்பலா என்றும் சொல்லும் காய். அதில் நல்ல ரகத்துக்கு விதையே கிடையாது. வேரிலிருந்து வெடிக்கும் கன்றைத்தான் பெயர்த்து நட வேண்டும். விதையே இல்லாத இந்த மரம் பசிபிக் தீவான தஹித்தியிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிருக்கிறது. அதாவது, பாதி உலகம்!

எப்படிப் போயிற்று? மேற்கிந்தியக் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு அடிமைகளைக் குறைந்த செலவில் பட்டினி இல்லாமல் வைத்திருக்க ஓர் உணவு தேவைப்பட்டது. அதற்காக 1787-ல் இங்கிலாந்து சர்க்கார் 'பவுண்டி' என்ற கப்பலை அனுப்பியது. கேப்டன் பிளை தஹித்தியில் ஐந்து மாதம் தங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளை ஏற்றினார். 1789 ஏப்ரல் 28-ம் தேதி மாலுமிகள் கலகம் செய்து, கேப்டனைப் படகில் இறக்கிவிட்டுக் கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள். சர்க்கார் விடவில்லை. வேறு கப்பலில் அதே பிளையை அனுப்பி, 1793-ல் கன்றுகளைக் கொண்டு சேர்த்தது. யாருக்காக இவ்வளவு பாடுபட்டார்களோ, அந்த அடிமைகள் முதலில் அந்தக் காயை விரும்பித் தின்னவில்லை என்பது சரித்திரத்தின் குறும்பு.

பிறகு, விதையின் பிடிவாதத்தை முறிக்கவே ஒரு கருவி வந்தது. லண்டனில் வார்டு என்ற வைத்தியர் 1829-வாக்கில் பூச்சிக் கூடு ஒன்றை மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தார். அதிலிருந்த மண்ணில் தண்ணீர் ஊற்றாமலே ஒரு பெரணிச் செடி முளைத்து வளர்ந்தது. மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குவதுதான் ரகசியம். இப்படி மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் 1833-ல் அவர் ஆஸ்திரேலியாவுக்குச் செடிகளை அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன.

ரப்பர் விதையும் மங்குஸ்தான் விதையைப் போலப் பொறுமையில்லாத விதைதான். 1876-ல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேஜில் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்த வருஷமே 1,900-க்கு மேற்பட்ட கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் சில குவாலா கங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. 1888-ல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, எதிர்ப்பட்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் விதையைத் திணித்து 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். மோட்டார் வண்டி வந்து டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதும் அந்தப் பைத்தியம் தீர்க்கதரிசியாகிவிட்டது.

ஆக, பணம் காய்க்கும் மரமானால் அதன் பிடிவாதத்துக்கு மருந்து உண்டு. கண்ணாடிப் பெட்டி உண்டு, கப்பல் உண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு விதை செத்தாலும் பரவாயில்லை என்ற தாராளம் உண்டு. மங்குஸ்தான் வெறுமனே இனித்தது. அதைத் தின்று யாரும் கரும்பு வெட்டப் போவதில்லை. அதிலிருந்து டயர் செய்ய முடியாது.

ரப்பர் காடுகள் எழுந்ததும் பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களைத் தேடிக் கங்காணிகள் வந்த இடம் நம் திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காட்டுக் கிராமங்கள். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள். 1938-ல் இந்திய சர்க்கார் இப்படிக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தும் வரையில் அது நடந்தது. கப்பலின் மேல்தட்டில் அவர்கள் வந்த நிலையைக் கேட்டால், 38 கண்ணாடிப் பெட்டிகளில் வந்த கன்றுகளுக்கு நடந்த உபசாரத்தில் பாதிகூட அவர்களுக்கு நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சௌரஸ்தா முதியவரின் பெற்றோரும் அப்படி வந்தவர்கள்தான். மழைக்கு இருவரும் கூரையடியில் ஒதுங்கி நின்ற ஒரு நாள், உங்கள் அம்மா ஊரிலிருந்து என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன்.

"ஒரு கறிவேப்பிலைக் கன்னு" என்றார். "பாதித் தேங்காய் மட்டையிலே மண்ணோட வச்சு, ஈரத்துணி சுத்திக் கொண்டாந்துச்சாம். குடிக்கக் கொடுத்த தண்ணியிலே கொஞ்சம் அதுக்குத் தெளிக்குமாம். ஜெரஜாக் தீவிலே எல்லாரையும் அடைச்சு வச்சாங்க பாருங்க, நோய் இருக்கான்னு. அங்கேயும் தலைமாட்டிலேயே வச்சிருந்துச்சாம். லயத்துக்குப் பின்னாலே நட்டது, நான் பெரியவனாகிறப்ப பெரிய மரம். அந்த லயத்திலே எல்லா வீட்டுக் குழம்புக்கும் அந்த மரந்தான்."

கறிவேப்பிலை விதையும் காய்ந்தால் முளைக்காத விதை. மங்குஸ்தானைப் போல, ரப்பரைப் போல. வார்டு வைத்தியரின் பெயரைக் கேட்டறியாத ஒரு கிராமத்துப் பெண், தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரில் பங்கு போட்டு, அவர் செய்த வேலையைச் செய்திருக்கிறாள். எந்தக் கம்பெனியும் அவளுக்குக் கட்டளை இடவில்லை. லாபக் கணக்கும் இல்லை. குழம்பு குழம்பாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கணக்கு. இன்று மலேசியாவில் தமிழர் குடியிருக்கும் இடமெல்லாம் வாசலில் முருங்கையும் கொல்லையில் கறிவேப்பிலையும் நிற்பதைப் பார்க்கும்போது, இவற்றை நட்ட கைகளின் பெயர் எந்தத் தோட்டத்துப் பதிவேட்டிலும் இல்லையே என்று தோன்றுகிறது. விக்ஹாமுக்குச் சர் பட்டம் கொடுத்தார்கள்.

மங்குஸ்தானின் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. 19-ம் நூற்றாண்டில் அது ஒருவழியாக நம் பக்கம் வந்தது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறில் 1871-லும், அடிவாரத்துக் கல்லாறில் 1900-லும் சர்க்கார் பழத்தோட்டங்கள் ஏற்பட்டன. ஈரமும் நிழலும் குறையாத அந்தப் பள்ளத்தாக்குகளில் மங்குஸ்தான் பிழைத்துக்கொண்டது, டுரியானும் பிழைத்துக்கொண்டது. மலைச்சரிவை விட்டுச் சமவெளிக்கு மட்டும் அவை இறங்கவில்லை. இந்தத் துரியனைத் தின்றால் பிள்ளைப்பேறு உண்டாகும் என்ற நம்பிக்கை எப்படியோ பரவி, பருவம் வந்தால் எங்கெங்கிருந்தோ தம்பதிகள் தேடி வந்து, நல்ல விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். மலாய்க்காரர்கள் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது தெருவோரத்தில் உட்கார்ந்து தின்னும் பழம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பழத்தில் ராமாயணத்தைக் கண்டவர்கள் நாம். முள்ளும் நாற்றமுமாக வந்த இதனிடம் பிள்ளைவரம் கேட்கிறோம் என்றால், வீட்டுக்குள் அழைத்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். மங்குஸ்தானுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை. குற்றாலத்தில் சீசனுக்குப் போகிறவர்கள் கூறுகட்டி வைத்திருப்பதை வாங்கித் தின்கிறார்கள். சென்னைக் கடைகளில் தாய்லாந்திலிருந்து விமானத்தில் வந்தது விற்கிறது. விதையை யாரும் எடுத்து வைப்பதில்லை. இனி வாங்கும்போது அடியைத் திருப்பி இதழ்களை எண்ணிப் பாருங்கள். தின்று முடித்த கையோடு, காயும் முன்பே, ஒரு விதையை நிழலான இடத்தில் ஊன்றியும் வையுங்கள். முளைக்கும் என்று நான் ஜாமீன் நிற்கமாட்டேன். முளைத்தாலும் காய்க்கப் பத்து வருஷம் ஆகும். அந்தத் தாய் கப்பலில் தண்ணீர் தெளித்தபோது அவளுக்கும் யாரும் ஜாமீன் நிற்கவில்லை.